உயரம் தவிர மற்றவை

கிரெய்கிபர்னில் குடியேறிய முதல் குளிர்காலத்தில் சனிக்கிழமைக் காலைகளை என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை. வெள்ளி இரவு குசினியைக் கழுவி மூடிவிட்டு, ரெயின் பிடித்துக் கடைசி ஸ்ரேசனில் இறங்க ஒரு மணி தாண்டிவிடும். படுத்தாலும் நித்திரை வராது. விடிந்ததும் எழும்பி நடப்பேன். அப்படி நடந்த ஒரு நாளில்தான் ஹைகேற் மைதானத்தைக் கண்டேன்.

அது கோல்டர் கனன்ஸ் என்ற அணியின் இடம். பதினெட்டு, பத்தொன்பது வயதுப் பெடியள். இந்த நாட்டு உதைபந்தாட்டத்தில் பெரிய கழகங்கள் வருடக் கடைசியில் புதிய ஆட்டக்காரரை வரிசையில் தெரிந்தெடுக்கும். அந்தத் தெரிவுக்காகக் காத்திருக்கிற பெடியள் இவர்கள். வேலியோரம் தாய் தகப்பன்மார் நின்று கத்திக்கொண்டிருந்தார்கள். நாலைந்து பேர் மட்டும் கத்தவுமில்லை, கை தட்டவுமில்லை. அவர்களுடைய கையில் ஒரு கொப்பியும் பேனையும் இருந்தன.

எனக்குப் பக்கத்தில் தேமாஸ் போத்தலுடன் நின்ற ஒரு கிழவர், அவர்கள் கழகங்களுக்கு ஆள் பார்க்க வந்தவர்கள் என்றார். தானும் ஒரு காலத்தில் அந்த வேலை செய்தவராம். உயரமான ஒரு பெடியனைக் காட்டி, "இவனைப் பார், ஆனால் பந்து இவனிடம் இல்லாத நேரத்தில் பார்" என்றார். நான் பார்த்தேன். பந்து மறுகரையில் கிடக்கும்போது மற்றவர்கள் இடுப்பில் கை வைத்து நின்றார்கள். அவன் இரண்டு அடி முன்னுக்கும் மூன்று அடி பின்னுக்குமாகத் தன்னைக் காக்கிறவனை இழுத்துக்கொண்டிருந்தான். பிறகு பந்து உயர வந்தது. அவன் போய் நின்ற இடத்துக்கே வந்ததுபோலத் தெரிந்தது. பதினைந்து மீற்றருக்கு மேல் உதைத்து வந்த பந்தை நிலத்தில் விழாமல் பிடித்தால், தடையில்லாமல் உதைக்க இங்கே உரிமை உண்டு. அவன் உதைத்தான். வெளியே போனது. தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நடந்தான்.

கிழவர் சொன்னார்: "கொப்பியில் இரண்டு பக்கமும் எழுதவேண்டும். பிடிக்கிற கை ஒரு பக்கம். தொங்குகிற தலை மறுபக்கம். ஒரு பக்கத்தை மட்டும் எழுதுகிறவன் ஆட்டத்தைப் பார்க்கவில்லை."

பிறகு வேலையில்லாத நாட்களில் இதைப்பற்றித் தேடி வாசித்தேன். கொப்பிக்காரரும் தவறுவார்கள். இதே கோல்டர் கனன்ஸில் ஆடிய எடி பெற்ஸ் என்ற ஆதிவாசி இளைஞரை 2004இன் தேசியத் தெரிவில் ஒரு கழகமும் எடுக்கவில்லை. அதன்பின் நடந்த சிறிய தெரிவில்தான் கார்ல்ரன் கழகம் எடுத்தது. அவர் 350 ஆட்டங்களில் 640 கோல்கள் அடித்து ஓய்ந்தார். அமெரிக்காவிலும் இதே கதை. அங்கே வீசுகிற பந்தை ஓடிப்போய் வாங்குகிறவனுக்கு வைட் ரிசீவர் என்று பெயர். கல்லூரியை முடித்து வருகிற பெடியளை 40 யார் ஓடவிட்டு மணிக்கூடு பிடிப்பார்கள். கையை விரிக்கச்சொல்லி உள்ளங்கையையும் அளப்பார்கள். ஜெரி றைஸ் மிசிசிப்பியின் ஒரு சின்னக் கல்லூரியிலிருந்து வந்தவர். ஓட்டம் காணாது என்று பேசினார்கள். 1985இல் பதினாறாவது ஆளாகத்தான் எடுத்தார்கள். பந்து வாங்கி அவர் கடந்த 22,895 யார் தூரத்தை ஒருவரும் இன்னும் எட்டவில்லை. அவருடைய தகப்பன் ஒரு மேசன். விடுமுறையில் தமையன்மார் கீழிருந்து எறிகிற செங்கல்லைச் சாரத்தில் நின்று பிடித்துப் பிடித்துத்தான் அந்தக் கை வந்தது என்பார்கள். மணிக்கூட்டில் செங்கல் தெரியாது.

இதையெல்லாம் வாசித்தபோது எனக்கு ஒரு ஆசை வந்தது. எங்கட ஆட்களில் ஒருவருக்கு அப்படி ஒரு கொப்பி எழுதிப் பார்க்கவேண்டும். யோசிக்கவே தேவையிருக்கவில்லை. தர்ஜினி சிவலிங்கம்.

அவர் ஈவினையைச் சேர்ந்தவர். சுன்னாகத்திலிருக்கும் எங்கள் வீட்டிலிருந்து சைக்கிளில் போய்வருகிற தூரம். அவர் படித்த கிழக்குப் பல்கலைக்கழகத்தில்தான் பல வருடங்களின்பின் நானும் இரண்டு வருடம் இருந்துவிட்டு, முடிக்காமல் கடலேறினேன். பிறகு அவரும் மெல்பேணுக்கு வந்து சிற்றி வெஸ்ற் பல்கன்ஸ் அணிக்கு வலைப்பந்து ஆடினார். ஒரே நகரத்தில் இருந்தும் நான் ஒரு ஆட்டத்துக்கும் போகவில்லை. மாலை நேரம் கோப்பை கழுவுகிறவனின் நேரமல்ல. எனக்குக் கிடைத்தவை பதிவுகள்தான். வேலைக்கு நடுவில் கிடைக்கிற அரை மணித்தியாலத்தில், குசினிப் பின்வாசலில் எண்ணெய் ரின்னின்மேல் இருந்து கைத்தொலைபேசியில் பார்த்தேன். ஓடர் துண்டுகளின் பின்பக்கத்தில் எழுதினேன்.

முதலாவது பலத்தை எல்லோரும் அறிவர். உயரம் 208 சென்ரிமீற்றர். வலைப்பந்தின் வளையம் 305 சென்ரிமீற்றரில் இருக்கிறது. கூடைப்பந்தைப்போலப் பின்னால் பலகை கிடையாது. அரைவட்டத்துக்குள் நின்று கோல் போட அணியில் இரண்டு பேருக்குத்தான் உரிமை. தடுக்கிறவள் மூன்று அடி தள்ளி நிற்கவேண்டும். தர்ஜினி வளையத்தடியில் இடம்பிடித்துக் கையை உயர்த்திவிட்டால், மற்றவர்களின் கைகள் எட்டாத ஒரு உயரத்தில் அந்தப் பந்து இருக்கும்.

ஊரில் அவரைப்பற்றி எழுதியவர்களும் கதைத்தவர்களும் இந்த இடத்தோடு நிறுத்திவிட்டார்கள். உலகத்திலேயே உயரமான வலைப்பந்து வீராங்கனை என்று தலைப்புப் போட்டார்கள். ஆனால் உயரம் பந்தைப் பிடிக்காது. நான் திரும்பத் திரும்பப் பார்த்தது கையை. பந்து வருவதற்கு முன்பே தோளாலும் முதுகாலும் தடுக்கிறவளைப் பின்னுக்கு வைத்துக்கொள்கிறார். தள்ளவில்லை, நின்ற இடத்தைக் கொடுக்கவில்லை, அவ்வளவுதான். இதற்கு எவ்வளவு பொறுமை வேண்டுமென்று ஒடுங்கிய குசினியில் நாலு பேருடன் வேலை செய்தவனுக்குத் தெரியும். பிறகு பந்தை உயரத்திலேயே வாங்குகிறார். நெஞ்சுக்கு இறக்குவதில்லை. இறக்கினால் தடுக்கிறவளின் கைக்கு எட்டிவிடும். மூன்று செக்கனுக்குள் எறியவேண்டும் என்பது விதி. அந்த மூன்று செக்கனில் அவர் அவசரப்படுவதை நான் காணவில்லை.

இரண்டாவது துண்டில் பலவீனங்களை எழுதினேன். எழுத மனம் வரவில்லை, ஆனாலும் கிழவரின் சொல்லுக்காக எழுதினேன். கால் சுறுக்கில்லை. வளையத்தடியை விட்டு வெளியே வந்து, பந்தை வாங்கித் திரும்பக் கொடுத்து, மறுபடி உள்ளே வெட்டிப் புகுகிற ஆட்டம் குறைவு. ஆகையால் அணியின் வழி ஒன்றாகச் சுருங்குகிறது: அரைவட்டத்தின் விளிம்புக்கு எப்படியாவது கொண்டுவந்து உயர எறி. கெட்டிக்கார எதிரணி அவரைத் தடுத்து நேரத்தை வீணாக்குவதில்லை. பந்து எறிகிறவளைத் தடுக்கிறது. பெரிய அணிகளுடன் ஆடும்போது அவர் கையை உயர்த்தியபடி நிற்கிறார், பந்து நடுக்களத்தை விட்டு வருகுதில்லை. இந்தப் பலவீனத்தை எழுதிவிட்டுப் பார்த்தபோது பாதிக்கு மேல் அவருடையதல்ல என்று பட்டது. ஒரு மனுசியில் எல்லாப் பாரத்தையும் ஏற்றிவிட்ட அணியின் பலவீனம் அது.

மூன்றாவது துண்டு அவர் கடந்த பாதை. 1979இல் பிறந்தவர். கொழும்பில் செலான் வங்கி அணிக்கு ஆடியிருக்கிறார். இலங்கை அணி ஆசியக் கிண்ணத்தை வென்ற 2009இல் அணியில் இருந்தார். 2018இல் சிங்கப்பூரில் நடந்த ஆசியப் போட்டியின் இறுதியாட்டத்தில் சிங்கப்பூரை 69க்கு 50 என்று வென்றபோதும் இருந்தார். அடுத்த வருடம் லிவர்பூலில் உலகக் கிண்ணம். அப்போது அவருக்கு நாற்பது வயது. அவர் போட்ட 348 கோல்கள்தான் அந்தப் போட்டியில் தனியொருவர் போட்டவற்றில் ஆகக் கூடியவை. இலங்கை அணியின் இடமோ பதினாறு நாடுகளில் பதினைந்தாவது. இந்த இரண்டு எண்களையும் அருகருகே எழுதிவிட்டு நான் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தேன்.

அப்போதுதான் அண்ணை வெளியே வந்தார். குசினியில் எனக்கு மூத்தவர். கிளிநொச்சிப் பக்கம், முள்ளிவாய்க்கால் வரை நடந்தவர். என்னுடைய கையைப் பார்த்தார்.

"ஆரைத் தம்பி பாத்துக்கொண்டிருக்கிறாய்?"

"தர்ஜினி அண்ணை. வலைப்பந்து."

"ஓ, அந்த நெட்டைப் பெட்டையோ. அவள் சிங்கம் போட்ட சேட்டோட எல்லோ விளையாடுறவள்."

நான் மறுமொழி சொல்லவில்லை. அவர் இழந்தவர்களின் கணக்கு எனக்குத் தெரியும். அந்தக் கொடிக்குக் கை தட்ட எனக்கும் கை வராது. 2018 இறுதியாட்டத்தை முதலில் பார்த்தபோது சத்தத்தை நிறுத்திவிட்டுத்தான் பார்த்தேன். தேசிய கீதம் வருமென்ற பயம்.

ஆனால் சத்தமில்லாமல் பார்த்ததில் ஒன்று தெரிந்தது. விளிம்பில் நின்று எறிகிறவள் சிங்களப் பெண். வாங்குகிறவர் எங்கட ஊர். எறிகிறவள் தர்ஜினியின் முகத்தைப் பார்ப்பதில்லை, உயர்ந்த கையைப் பார்த்து எறிகிறாள். அந்தக் கை அங்கே இருக்கும் என்ற நம்பிக்கையில் எறிகிறாள். இதை வைத்து ஒற்றுமை, நல்லிணக்கம் என்று பேசுகிறவர்களை எனக்குப் பிடிக்காது. ஒரு பந்து போய்ச் சேர்ந்ததால் ஒரு காணி திரும்பி வராது. ஆனாலும் அந்தப் பந்து போய்ச் சேர்ந்தது உண்மை. அதையும் எழுதத்தான் வேண்டும்.

எங்கட ஆட்கள் அவரை இரண்டு விதமாகத்தான் வைத்திருக்கிறார்கள். ஒருவருக்கு அவர் அவர்களோடு சேர்ந்தவர். மற்றவருக்கு அவர் இனத்தின் பெருமை. இரண்டு பேரும் ஒரு ஆட்டத்தைக்கூட முழுதாகப் பார்த்ததில்லை. சின்ன வயதில் நெட்டை என்று பழித்திருக்கக்கூடிய ஊர், பிறகு அதே உயரத்தைத் தலைப்பாக்கியது. இரண்டிலும் அவருடைய கை இல்லை.

இதில் எனக்கு ஏன் இவ்வளவு கோபம் வருகிறது என்று பிறகு யோசித்தேன். என்னைப்பற்றியும் ஒருவர் எழுதியிருக்கிறார். மூன்று மணித்தியாலம் கேள்வி கேட்டுவிட்டு, பல மாதம் கழித்து வந்த கடதாசியில் எட்டுப் பந்தி இருந்தது. எட்டும் பலவீனம். ஒரு திகதியை மாறிச் சொன்னேனாம். ஒரு சோதனைச்சாவடியின் பெயரை ஒருமுறை சொல்லி ஒருமுறை விட்டேனாம். 1995 ஒக்ரோபர் 30 இரவு, ஐந்து வயதில், வலிகாமத்துச் சனம் முழுதும் நாவற்குழிப் பாலத்தால் நெருக்குப்பட்டுப் போனபோது அம்மாவின் சீலைத் தலைப்பை விடாமல் பிடித்துக்கொண்டு நடந்தேன் என்று சொல்லியிருந்தேன். அது அந்தக் கடதாசியில் எந்தப் பந்தியிலும் இல்லை. அந்தப் பிடி ஒரு பலம் என்று எழுதத்தக்க கொப்பி அவரிடம் இருக்கவில்லை.

நம்பமுடியாது என்று எழுதியதைவிட, பார்க்காமல் எழுதியதுதான் என்னை இன்னும் அரிக்கிறது. அந்தக் கிழவரின் கொப்பியில் என் பெயர் இருந்திருந்தால் குறைகளையும் ஒழுங்காக எழுதியிருப்பார். எழுதட்டும். திகதிகளில் நான் தடுமாறுகிறவன்தான். ஆனால் நான் ஓடும்போது பார்த்துவிட்டு எழுதியிருப்பார்.

தர்ஜினியின் துண்டுகளை அடுக்கி, ஒரு ரப்பர் வளையம் போட்டு, குசினியில் மசாலா டப்பாக்களுக்கு மேலுள்ள தட்டில் வைத்தேன். இரண்டு நாள் கழித்துப் பார்த்தபோது ரப்பர் வளையம் வேறு பக்கம் கிடந்தது. அண்ணை வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தார். தலை நிமிராமல் கேட்டார்.

"அதென்னடா, முந்நூற்றி நாற்பத்தெட்டோ?"

"ஓமண்ணை. ஒரு உலகக் கிண்ணத்தில."

கொஞ்சநேரம் வெட்டினார்.

"அப்ப எத்தினை தவறவிட்டவள்?"

ஆட்டம் பார்க்கிறவன் மட்டும் கேட்கிற கேள்வி. நான் கைத்தொலைபேசியை எடுத்து, சிங்கப்பூருடனான ஆட்டத்தைப் போட்டு, சத்தத்தைக் குறைத்து, உப்பு டப்பாவில் சாய்த்து அவருக்கு முன்னால் வைத்தேன்.

"நீங்களே பாத்து எண்ணுங்கோ."

அண்ணை கத்தியை வைத்தார். ஏப்ரனில் கையைத் துடைத்துக்கொண்டு குனிந்தார். வெங்காயத்தின் மிச்சத்தை நான் வெட்டினேன்.