பூட்டு மாற்றிய நாட்கள்

2024 ஆகஸ்டில் தாம்பரம் நிலையத்தின் யார்டை மாற்றியமைத்து, அதன் சிக்னல்களைப் புதிய முறைக்குக் கொண்டுவரும் வேலை நடந்தபோது, செங்கல்பட்டு மார்க்கத்து மின்சார வண்டிகளை நம்பிப் பிழைக்கும் நாங்கள் இரு வாரங்களுக்கும் மேலாகச் சாலைக்குத் தள்ளப்பட்டோம். கடற்கரையிலிருந்து வந்த வண்டிகளில் பெரும்பாலானவை பல்லாவரத்தோடு திரும்பின. செங்கல்பட்டிலிருந்து வந்தவை கூடுவாஞ்சேரியோடு நின்றன. இடையில் ஊரப்பாக்கம், வண்டலூர், பெருங்களத்தூர், தாம்பரம், சானடோரியம், குரோம்பேட்டை என ஆறு நிலையங்கள். அவற்றை ஜி.எஸ்.டி. சாலையில் பேருந்தில் கடக்க வேண்டும். 2023 டிசம்பர் இறுதியில் கிளாம்பாக்கம் பேருந்து முனையம் திறக்கப்பட்டதிலிருந்தே அந்தச் சாலைக்கு மூச்சு முட்டிக்கொண்டிருந்தது. கூடுதல் பேருந்துகள் விடப்பட்டன என்பது உண்மை; ஒரு மின்வண்டி இறக்கிவிடும் கூட்டத்துக்கு எத்தனை பேருந்து வேண்டும் என்பதும் உண்மை.

இவ்விடத்தில் ஒரு சொல்லைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். யார்டு என்பதைச் சில செய்திகள் ‘பணிமனை’ என்று எழுதின. பணிமனை என்றால் வண்டிகளைப் பழுதுபார்க்கும் கொட்டகை. கொட்டகையில் வேலை நடந்தால் ஓடுகிற வண்டியை எதற்கு நிறுத்துகிறார்கள் என்று எங்கள் பெட்டியில் ஒருவர் கேட்டார். அந்தச் சொல்லை வைத்துப் பார்த்தால் அது முற்றிலும் நியாயமான கேள்வி. யார்டு என்பது நிலையத்தின் இருபுறமும் தண்டவாளங்கள் பிரிந்தும் சேர்ந்தும் கிடக்கிற அந்தப் பரப்பு முழுவதும்தான். வண்டி எந்த நடைமேடைக்குப் போக வேண்டும் என்பது அங்கேதான் முடிவாகிறது.

அந்த முடிவைக் காவல் காப்பது இன்டர்லாக்கிங் என்னும் ஏற்பாடு. பெயருக்கேற்ப ஒன்றையொன்று பூட்டி வைப்பது அது. பாதை பிரியும் இடத்திலுள்ள பாயிண்ட் சரியான பக்கம் திரும்பிப் பூட்டப்பட்டிருந்தால்தான் சிக்னல் பச்சை காட்டும். பச்சை காட்டியபின் வண்டி கடக்கும்வரை பாயிண்டை அசைக்க முடியாது. ஒரு பாதையைத் திறந்துவிட்டால், அதன் குறுக்கே வரும் மற்றப் பாதைகளெல்லாம் அடைபட்டுவிடும். நிலைய அதிகாரி தூக்கக் கலக்கத்தில் தவறான பொத்தானை அழுத்தினாலும் ஏற்பாடு இணங்காது. பழைய நாளில் இரும்பு நெம்புகோல்களும் சட்டங்களும் இதைச் செய்தன. பிறகு ரிலேக்கள் வந்தன. இப்போது கணினி. மனிதனின் மறதியை நம்பாமல் கட்டப்பட்டது என்பதால் இதன்மீது எங்களுக்கு ஒரு மரியாதை உண்டு.

ஆனால் யார்டில் புதிதாக ஒரு பாதையைச் சேர்த்தால் பழைய பூட்டு பொருந்தாது. பழையதைக் கழற்றிப் புதியதை மாட்டும் இடைவெளியில் இரண்டுமே இல்லாத சில நாட்கள் வரும். ரயில்வேக்காரர்கள் அதை நான்-இன்டர்லாக்கிங் வேலை என்பார்கள். அந்நாட்களில் பாயிண்டுகளைக் கையால் திருப்பி, கவ்வி போட்டு, உண்மையான பூட்டையே தொங்கவிட்டுச் சாவியை எடுத்து வைத்துக்கொள்கிறார்கள். ஓட்டுநருக்குச் சிக்னலுக்குப் பதில் எழுத்தில் அனுமதி போகிறது. வண்டி ஊர்ந்துதான் வர முடியும். சில நிமிடங்களுக்கு ஒன்றாக வண்டி ஓடும் தடத்தில் இப்படி எத்தனையை விட முடியும்? ஆகவேதான் ரத்து.

எங்கள் பகுதியில் ஓய்வுபெற்ற சிக்னல் ஊழியர் ஒருவர் இருக்கிறார். இந்த வேலையில் ஆட்கள் அதிகமாகத் தெரிவது தண்டவாளத்தில்தான் என்றாலும் நேரத்தைத் தின்பது சோதனை என்பது அவர் சொல்லி நாங்கள் அறிந்தது. ஒருவர் அறையில் பலகையின் முன் அமர்ந்து ஒரு பாதையை அமைப்பார். இன்னொருவர் வெயிலில் சிக்னல் கம்பத்தடியில் நின்று, என்ன நிறம் தெரிகிறது, பாயிண்ட் எந்தப் பக்கம் ஒட்டியிருக்கிறது என்று தொலைபேசியில் சொல்வார். ஒவ்வொரு பாதைக்கும் இப்படி. திறக்க வேண்டியது திறக்கிறதா என்பது பாதிச் சோதனைதான். திறக்கக் கூடாதது திறக்க மறுக்கிறதா என்பது மறு பாதி, அதுவே நீளமானது. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு யாரும் எதுவும் செய்யாமல் நிற்பது போலவே இருக்குமாம்.

அந்தப் பாதியை அவசரத்தில் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு லண்டன் கிளாப்பம் சந்திப்பு சாட்சி. 1988 டிசம்பர் 12, திங்கட்கிழமை காலை எட்டு மணி கடந்த நேரம். அலுவலகக் கூட்டம் நிறைந்த ஒரு வண்டி, முன்னால் நின்ற வண்டியின் பின்புறம் மோதி 35 பேர் இறந்தனர். சிவப்பாக இருந்திருக்க வேண்டிய சிக்னல் சிவப்பாகவில்லை. இரு வாரங்களுக்கு முன் நடந்த புதிய சிக்னல் வேலையில், கழற்றிய பழைய கம்பி ஒன்றை வெட்டி ஒதுக்காமல் விட்டிருந்தார்கள். விபத்துக்கு முந்தைய நாள் அருகில் நடந்த வேறொரு வேலையில் அது அசைந்து, தன் பழைய முனையையே மறுபடி தொட்டுவிட்டது. ஒரே ஒரு கம்பி. அதை இணைத்த தொழில்நுட்ப ஊழியர் முந்தைய 13 வாரங்களில் எடுத்த விடுமுறை ஒரே ஒரு நாள் என்பது விசாரணையில் வெளிவந்தது. இன்னொருவர் வந்து கம்பிகளை எண்ணிப் பார்த்திருக்க வேண்டும், எண்ணவில்லை. நீதி விசாரணை நடத்திய அந்தோணி ஹிடன் 93 பரிந்துரைகளை எழுதினார். எங்களுக்கு அந்த விவரங்களில் மனதை அறுப்பது வேறொன்று. அந்த வேலையில் பெரும்பகுதி, பயணிகளின் வார நாட்களைத் தொந்தரவு செய்யாமல், வார இறுதிகளில் கூடுதல் நேரம் பார்த்தே செய்யப்பட்டது. எங்களைப் போன்ற பயணிகளின் வசதிக்கு அந்த ஊழியர்களின் ஞாயிற்றுக்கிழமைகள் விலையாகப் போயின.

அவ்வளவு தூரம் போக வேண்டியதுமில்லை. 2023 ஜூன் 2 அன்று மாலை, சென்னை நோக்கி வந்துகொண்டிருந்த கோரமண்டல் விரைவு வண்டி ஒடிசாவின் பாஹாநகா பஜாரில் பச்சைச் சிக்னலைப் பார்த்தபடியே பக்கப் பாதைக்குத் திரும்பி, அங்கே நின்ற சரக்கு வண்டியில் மோதியது. 290-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். முன்பு ஒருமுறை சிக்னல் சுற்றை மாற்றியதிலும், பிறகு லெவல் கிராசிங் தடுப்பை மாற்றும் வேலையிலும் நேர்ந்த குறைகளே காரணம் என்று பாதுகாப்பு ஆணையரின் விசாரணை கண்டது. நேர் பாதை என்று சிக்னல் சொன்னது. பக்கப் பாதை என்று பாயிண்ட் சொன்னது. இரண்டும் முரண்படாமல் பார்த்துக்கொள்ள இருப்பதுதானே அந்தப் பூட்டு.

இதையெல்லாம் அறிந்தவர்கள் தாம்பரத்து ரத்தை முணுமுணுக்காமல் ஏற்றிருப்போம் என்று எண்ண வேண்டாம். நன்றாகவே முணுமுணுத்தோம். மாம்பலத்தில் துணிக்கடைக்குப் போகிற பெண்கள் இருவர் எங்களோடு வருவார்கள். பத்து நிமிடம் பிந்தினால் அரை நாள் கூலி பிடிக்கிற கடை அது. சிங்கப்பெருமாள்கோவிலிலிருந்து வீட்டுவேலைக்கு வரும் அக்கா ஒருவர், ஒரு வாரம் பேருந்துக்குக் கொடுத்த காசில் மாத சீசன் டிக்கெட்டே எடுத்துவிடலாம் என்று கணக்குச் சொன்னார். ஆனால் உண்மையில் அடிபட்டவர்கள் பெட்டிக்குள் விற்கிறவர்கள். பார்வையற்றவர்கள் பலர் இந்தத் தடத்தில் பேனா, அட்டை உறை, கடலை உருண்டை விற்றுக் குடும்பம் நடத்துகிறார்கள். அவர்களுக்கு வண்டி என்பது போக்குவரத்து அல்ல, கடை. எந்தப் பெட்டியில் எத்தனை கம்பி, எந்த நிலையத்தில் எந்தப் பக்கம் நடைமேடை என்பதெல்லாம் அவர்களுக்குக் கையளவில் தெரியும். நிரம்பி வழியும் பேருந்தில் இந்த அறிவுக்கு வேலையில்லை. ‘அண்ணா, அட்டை உறை வேணுமா’ என்ற பழகிய குரலை அந்நாட்களில் நாங்கள் கேட்கவில்லை. அவர் அந்தப் பதினைந்து நாளை எப்படிக் கடந்தார் என்பதற்கு எந்த அறிவிப்பிலும் இடம் கிடையாது.

வேலை ஆகஸ்ட் 14-இல் முடியும் என்பது முதல் அறிவிப்பு. பிறகு 18 வரை நீண்டது. சுதந்திர தின விடுமுறையை ஒட்டி ஊருக்குப் போக நினைத்தவர்கள் கொதித்தார்கள். எங்களுக்குள்ளும் இரு கட்சி. கடற்கரைக்கும் சிந்தாதிரிப்பேட்டைக்கும் இடையே நான்காவது பாதைக்காக 2023 ஆகஸ்டில் நிறுத்தப்பட்ட பறக்கும் ரயில், ஏழு மாதம் என்று சொல்லிப் பதினான்கு மாதம் கழித்து 2024 அக்டோபரில்தான் திரும்பியது. அந்தச் சேவை அப்போது இன்னும் வரவில்லையாதலால், நான்கு நாள் என்பதை நம்ப மறுத்தவர்களைக் குறை சொல்ல முடியாது. மறு கட்சிக்காரர் எங்கள் சிக்னல் பெரியவர். நான்கு நாள் கூடுதலாகக் கேட்கத் துணிந்தவன் ஒழுங்காக எண்ணிப் பார்க்கிறான் என்று அர்த்தம் என்பது அவர் வாதம். நாங்கள் அவர் பக்கமே சாய்கிறோம். ஆனால் அந்த நான்கு நாளின் செலவை அட்டை உறை விற்பவரும் வீட்டுவேலைக்காரப் பெண்ணும் ஏற்க, எண்ணிப் பார்த்ததன் பயனை எல்லாரும் அனுபவிப்பது என்ன கணக்கு என்று அவரிடமே கேட்டோம். அவர் பதில் சொல்லவில்லை.

வண்டிகள் பழையபடி ஓடத் தொடங்கிய வாரம், வீட்டுவேலைக்குப் போகும் அக்கா தாம்பரத்தில் வண்டி நின்றபோது சன்னல் வழியே கொஞ்ச நேரம் பார்த்தார். ‘இத்தனை நாள் நிறுத்திவச்சு என்னதான் மாத்துனாங்க? எல்லாம் அப்படியேதான இருக்கு’ என்றார். சிக்னல் பச்சையானது, வண்டி நகர்ந்தது.