நூறில் ஒரு பங்கு

கோபுரத்தை நிமிர்ந்து நோக்குவோர் பலர். மண்ணுள் மறைந்து அதனைத் தாங்கும் கடைக்காலை எண்ணுவோர் சிலர். விளையாட்டுத் துறையில் அக்கடைக்காலாக விளங்குபவர் பயிற்சியாளர். இவ்வுண்மையை நாம் நூலில் கற்கவில்லை. தம்பானூர் புகைவண்டி நிலையத்தில் கற்றோம்.

ஓர் இரவு, ஊருக்குச் செல்ல நாகர்கோவில் வண்டியை எதிர்நோக்கி நின்றிருந்தோம். நடைமேடையில் இருபது சிறுவர் சிறுமியர் பைகளைத் தலையணையாகக் கொண்டு உறங்கினர். நரை கண்ட ஒருவர் மட்டும் உறங்காமல் தலைகளை எண்ணிக்கொண்டிருந்தார். நம் மகள் பயிலும் பள்ளியின் பயிற்சியாளர் அவர். நம்மைக் கண்டதும் அருகில் வந்தார்.

"சார், உங்கள் மகளுக்கு ஓட்டம் இயல்பாக வருகிறது. காலையில் ஒரு மணி நேரம் என்னிடம் விடுங்கள்" என்றார்.

"அடுத்த ஆண்டு பத்தாம் வகுப்பு, மாஷே. ஓடினால் சோறு கிடைக்குமா?" என்றோம்.

அவர் சினக்கவில்லை. "உஷாவின் வீட்டிலும் இப்படிச் சொல்லியிருந்தால் நம்பியார் சார் என்ன செய்திருப்பார்?" என்று கூறிவிட்டு, மீண்டும் தலைகளை எண்ணச் சென்றார். அச்சொல் நம் நெஞ்சில் தைத்தது.

வடகரைக்கு அருகில் மணியூரில் வாழ்ந்தவர் ஓ. எம். நம்பியார். விமானப் படையில் 15 ஆண்டுகள் பணிபுரிந்தார். பாட்டியாலாவில் பயிற்சியாளர் கல்வி பெற்றார். 1976இல் கண்ணூர் விளையாட்டுப் பிரிவில் சேர்ந்த மெலிந்த சிறுமி பி. டி. உஷாவின் விரைந்த நடையிலேயே அவளுடைய திறனைக் கண்டுகொண்டார். பய்யோளிக் கடற்கரை மணல் அவர்களுடைய பயிற்சிக் களம் ஆயிற்று.

1984இல் லாஸ் ஏஞ்சலிஸ் ஒலிம்பிக்கில் 400 மீட்டர் தடை தாண்டும் ஓட்டத்தின் இறுதிப் போட்டி. மூன்றாமவர் ருமேனியாவின் கொஜோகாரு, 55.41 நொடி, நான்காமவர் உஷா, 55.42 நொடி. நொடியின் நூறில் ஒரு பங்கு! கண் இமைக்கும் பொழுதினும் சிறிய அவ்விடைவெளியில் எட்டாண்டு உழைப்பின் பதக்கம் கைநழுவியது. ஆயினும் ஆசிரியரும் மாணாக்கியும் சோர்ந்து அமரவில்லை. 1985இல் ஜகார்த்தாவில் ஐந்து தங்கம். 1986இல் சியோலில் நான்கு தங்கம்.

அமெரிக்காவில் கல்லூரிக் கால்பந்துப் பயிற்சியாளரின் வெற்றிகளை அவர் பெயரிலேயே எண்ணி வைக்கின்றனர். கிராம்ப்ளிங் கல்லூரியின் எடி ராபின்சன் 1941இல் தொடங்கி 1997இல் ஓய்வு பெறும்வரை 408 வெற்றிகள் கண்டார். அங்குள்ள அரங்கமே அவர் பெயர் தாங்கி நிற்கிறது. நம் நாட்டிலோ, பயிற்சியாளரின் கணக்கு மாணாக்கரின் கணக்கில் கரைந்துவிடுகிறது. துரோணாச்சாரியார் விருது தொடங்கப்பெற்ற 1985ஆம் ஆண்டிலேயே நம்பியார் அதனைப் பெற்றார் என்பது உண்மை. ஆனால் அதே 1985இல் மாணாக்கிக்குக் கிடைத்த பத்மஸ்ரீ, ஆசிரியருக்கு அறிவிக்கப்பட்டது 2021இல்; முப்பத்தாறு ஆண்டுகள் கழித்து! அவ்வாண்டு ஆகஸ்டில் அவர் மறைந்தார்; நவம்பரில் நிகழ்ந்த விருது விழாவைக் காண அவர் இல்லை. நூறில் ஒரு பங்கு நொடிக்காக நாடே வருந்தியது. இம்முப்பத்தாறு ஆண்டுகளுக்காக வருந்தியவர் எத்தனை பேர்?

பிழைப்பை நாடி ஊர்விட்டு வந்த நம்மவர்க்கு மதிப்பெண் ஒன்றே கரை சேர்க்கும் தோணி என்னும் அச்சம் உண்டு. அது பொய்யான அச்சமன்று. வாடகையும் பள்ளிக் கட்டணமும் அதனை நாள்தோறும் நினைவூட்டுகின்றன. எனினும் அவ்வச்சத்தினால் குழந்தையின் கால்களையும் கட்டிவிடலாகுமா?

ஊரிலிருந்து திரும்பிய மறுநாள், விடியுமுன் மகளைக் கைப்பிடித்து மைதானத்திற்கு அழைத்துச் சென்றோம். பயிற்சியாளர் நமக்கு முன்பே வந்து கோடு போட்டுக்கொண்டிருந்தார். குறிப்பேட்டில் மகளின் பெயரை எழுதிக்கொண்டார். அப்பொழுதுதான் நமக்கு உறைத்தது: மூன்றாண்டுகளாக 'மாஷ்' என்றே அழைத்து வந்த அம்மனிதரின் பெயரை நாம் ஒரு நாளும் கேட்டதில்லை. நாணத்தோடு கேட்டறிந்தோம்.