ஹனோயில் ரெண்டு புயல்!

வியட்நாம்னு சொன்னதும் நம்ம வீட்டுப் பெரியவங்களுக்கு 'வியட்நாம் வீடு' சிவாஜி ஞாபகம் வருவார். கொஞ்சம் சரித்திரம் படிச்சவங்களுக்கு அமெரிக்கா அங்கே வாங்கிக் கட்டிக்கிட்ட கதை. 2024 ஆகஸ்ட் வரைக்கும் எனக்கும் அவ்வளவுதான் தெரியும். "ஆறு மாச ப்ராஜெக்ட், ஹனோய், கிளம்பு"ன்னு ஆபீஸ்ல சொன்னப்போ, ஸ்வெட்டர் தேவைப்படுமான்னுதான் முதல்ல கேட்டேன். (தேவைப்படும். ஜனவரியில பல்லு தந்தியடிக்கும்!)

போய் இறங்கின கொஞ்ச நாள்லயே முதல் புயல். செப்டம்பர் 7, பெயர் 'யாகி'. ராத்திரி முழுக்க ஜன்னல் கண்ணாடி கடகடன்னு ஆடுது. கரன்ட் இல்லை. விடிஞ்சு கீழே இறங்கிப் பார்த்தா எங்க தெருவில் நின்ன பெரிய பெரிய மரமெல்லாம் வேரோட சாஞ்சு, பைக்குகள் மேல படுத்திருக்கு. ஹனோய் முழுக்க இப்படி ஆயிரக்கணக்கில் மரங்கள். வடக்கு மலைப்பக்கம் நிலச்சரிவு, வெள்ளம்... முந்நூறு பேருக்கு மேல இறந்துபோனாங்க. மூணு நாள் கழிச்சு மீ டின் ஸ்டேடியத்துல தாய்லாந்தோட நட்பு மேட்ச்ல வியட்நாம் 1-2ன்னு தோத்தது. அந்த வாரம் அதைப் பத்திப் பேச எங்க தெருவில் யாருக்கும் மனசு இல்லை.

மரமெல்லாம் அறுத்து எடுத்த பிறகு ஒருநாள், வீட்டு ஓனரோட பையன் மாடிப்படியில் உட்கார்ந்து சொன்னான். "அண்ணே, இது நிஜ 'பாவ்'. எங்களோட இன்னொரு 'பாவ்' இருக்கு. அதை நீங்க பார்க்கணும்!"

'பாவ்'னா அவங்க பாஷையில் புயல். 'டி பாவ்'னா புயலுக்குப் போறது. அதாவது, ஃபுட்பால்ல நாடு ஜெயிச்சா மொத்த ஊரும் பைக்கை எடுத்துக்கிட்டு, கொடியைத் தூக்கிக்கிட்டு, ரோட்டுக்கு வந்துடும். விடிய விடிய ஹாரன். வீட்ல இருக்கிற பாத்திரம், மூடி, கரண்டி எல்லாம் தாளவாத்தியம். எங்கே போறோம்னு யாருக்கும் தெரியாது. புயல் மாதிரி சுத்த வேண்டியதுதான்.

(அவன் நிஜமாவே 'அண்ணே'ன்னுதான் கூப்பிட்டான். வியட்நாமிய மொழியில் பொத்தாம்பொதுவா 'நீ', 'நீங்க' சொல்றது அபூர்வம். வயசைப் பார்த்து 'ஆன்'னா அண்ணன், 'எம்'னா தம்பியோ தங்கச்சியோ, 'சூ'ன்னா சித்தப்பா. டீக்கடைக்காரரைக்கூட முறை வெச்சுத்தான் கூப்பிடணும். நம்ம ஊர் ஆளுக்கு இது பெரிய நிம்மதி.)

தம்பி கல்லூரியில் இரண்டாம் வருஷம். அவனுடைய அரை இங்கிலீஷும் என்னுடைய அரை இங்கிலீஷும் சேர்ந்தா ஒரு முழு இங்கிலீஷ் ஆகும். அவன் அறைச் சுவரில் ஒரு போட்டோ. வெள்ளைவெளேர்னு பனி. அதுல ஒரு ஆட்டக்காரர் பனிக்குவியல் மேல வியட்நாம் கொடியை நட்டு வணக்கம் வைக்கிறார். "எந்தக் கப் ஜெயிச்சப்போ எடுத்தது?"ன்னு கேட்டேன்.

"ஜெயிக்கலை. தோத்தப்போ எடுத்தது."

எனக்குப் புரியலை. தோத்த மேட்ச்சோட போட்டோவை யாராவது சுவர்ல ஒட்டுவாங்களா?

அந்தக் கதையைக் கேளுங்க. 2018 ஜனவரி, சீனாவில் 23 வயசுக்கு உட்பட்டோருக்கான ஆசியக் கோப்பை. வியட்நாம் ஃபைனல் வரைக்கும் போகும்னு யாரும் கனவுகூடக் கண்டதில்லை. கோச், பார்க் ஹாங் சோ. 2002 உலகக் கோப்பையில் தென்கொரியாவை அரையிறுதிக்குக் கொண்டுபோன ஹிடிங்க்கிடம் உதவிப் பயிற்சியாளரா இருந்தவர். காலிறுதியில் ஈராக்கோட 3-3, பெனால்டியில் ஜெயிச்சாங்க. அரையிறுதியில் கத்தாரோட 2-2, மறுபடியும் பெனால்டி, மறுபடியும் ஜெயம். ஜனவரி 27, சாங்ஜோ நகரத்தில் உஸ்பெகிஸ்தானோட ஃபைனல். அன்னைக்குப் பார்த்து வானம் பனியாக் கொட்டுது!

பனியையே பார்க்காத ஊர்ப் பசங்க பலர் அந்த டீம்ல. எட்டாவது நிமிஷமே ஒரு கோல் வாங்கிட்டாங்க. 41-வது நிமிஷம் ஃப்ரீ கிக். குவாங் ஹாய் இடது காலால் வளைச்சு விட்டார் பாருங்க... பனிக்குள்ள புகுந்து மேல் மூலையில் போய் விழுந்தது பந்து. 'பனியில் ஒரு வானவில்'னு அந்த கோலுக்கே பெயர் வெச்சிருக்காங்க. அப்புறம் கூடுதல் நேரமும் முடியப் போகுது, மறுபடி பெனால்டிதான்னு எல்லாரும் நினைக்கறப்போ, 119-வது நிமிஷம் உஸ்பெகிஸ்தான் கோல். முடிஞ்சது. மேட்ச் முடிஞ்ச பிறகுதான் டுய் மான் அந்தக் கொடியை நட்டார்.

மறுநாள் ஹனோய் விமான நிலையத்திலிருந்து ஊருக்குள்ள முப்பது கிலோமீட்டர் சொச்சம் வர டீம் பஸ்ஸுக்கு மணிக்கணக்கா ஆச்சு. ரோடே தெரியாத அளவுக்குக் கூட்டம். தம்பிக்கு அப்போ 13 வயசு. அப்பா தோள்ல உட்கார வயசு தாண்டிடுச்சு, அதனால ஒரு லாரி மேல ஏறிப் பார்த்தானாம். பஸ் கடந்து போனது சில நொடிதான். "பார்க் வாத்தியார் கை ஆட்டினார். எனக்குத்தான் ஆட்டினார்"ன்னு இன்னும் சாதிக்கிறான். கோச்சை அங்கே 'வாத்தியார்'னுதான் சொல்றாங்க.

அந்தப் பசங்கதான் அதே 2018 டிசம்பரில் சுஸுகி கப் ஜெயிச்ச டீமுக்கு முதுகெலும்பு. 2019-ல ஆசியக் கோப்பை காலிறுதி, தென்கிழக்கு ஆசிய விளையாட்டுல தங்கம். 2022 பிப்ரவரி 1-ம் தேதி, அவங்க சந்திரப் புத்தாண்டின் முதல் நாள், மீ டின்ல சீனாவை 3-1ன்னு அடிச்சாங்க. அந்த ராத்திரி எப்படி இருந்திருக்கும்னு நான் சொல்ல வேண்டாம்.

ஆனா நான் போனப்போ காத்து எதிர்ப்பக்கம் அடிச்சிக்கிட்டிருந்தது. பார்க் போயாச்சு. அடுத்து வந்த ட்ரூசியே, 2024 மார்ச்சில் இந்தோனேஷியாவிடம் சொந்த மண்ணில் 0-3ன்னு தோத்ததும் வீட்டுக்கு அனுப்பப்பட்டார். புதுசா வந்த கிம் சாங் சிக், இவரும் கொரியாக்காரர்தான், முதல் மேட்ச்ல பிலிப்பைன்ஸை ஜெயிச்சதோட சரி. அப்புறம் ஈராக், ரஷ்யா, தாய்லாந்துன்னு வரிசையா அடி. அடுத்த மேட்ச் யாரோட தெரியுமா? நம்ம இந்தியாவோட!

அக்டோபர் 12. ஹனோயில் இல்லை, நாம் டின் ஊரில். தம்பியோட அம்மா ஊர் அதுதான். "வாங்க அண்ணே"ன்னு ரயிலில் கூட்டிட்டுப் போனான். தெற்கே ரெண்டு மணி நேரம். பிரெஞ்சுக்காரன் காலத்து நெசவாலை இருந்த ஊர். மாட்டிறைச்சி 'ஃபோ' நூடுல்ஸ் எங்க ஊர்ல பிறந்ததுன்னு சண்டை போடற ஊர். ஸ்டேஷன் பக்கத்துக் கடையில், காலுக்கு முட்டுக்கட்டை போடற குட்டி பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார்ந்து ஒரு கிண்ணம் குடிச்சேன்... சரி, சண்டை போடட்டும், தப்பில்லை.

இங்கே மூச்சே ஃபுட்பால்தான். 1985-ல ஒருதடவை லீக் ஜெயிச்சாங்க. அடுத்தது எப்போ? 2024-ல! நடுவுல 39 வருஷம். ரெண்டாம் டிவிஷனுக்கு இறங்கி, ஏறி, திரும்ப இறங்கின வருஷங்களும் உண்டு. அந்த 39 வருஷக் காத்திருப்பை முடிச்சு வெச்சவர் பெயரைத்தான் ஊரே சொல்லிக்கிட்டிருந்தது. ரஃபேல்சன். பிரேசில்காரர். ஒரே சீசனில் 31 கோல்! 2020-ல முதல்ல இங்கேதான் வந்தார். நடுவுல வேற கிளப்புகளுக்கு ஆடிட்டுத் திரும்ப வந்து, 2024-ல வியட்நாம் குடியுரிமையும் வாங்கிட்டார். புதுப் பெயர் நுயென் சுவான் சோன். 'சுவான்'னா வசந்தம்.

ஆனா அன்னைக்கு அவர் ஆடலை. அஞ்சு வருஷம் அந்த மண்ணில் வாழ்ந்திருக்கணும்னு ஃபிஃபா விதி. டிசம்பர் கடைசி வரைக்கும் பொறுக்கணும். "இன்னும் ரெண்டு மாசம்..."னு தம்பியோட மாமா விரல் விட்டுக் காட்டினார்.

தியென் ட்ரூங் ஸ்டேடியம். சிவப்புச் சட்டைகளுக்கு நடுவில் நீலச் சட்டையில் நான் ஒருத்தன். பத்தாவது நிமிஷமே வியட்நாமுக்குப் பெனால்டி. குவே நோக் ஹாய் அடிக்கிறார்... குர்பிரீத் பாய்ஞ்சு தடுத்துட்டார்! நான் எழுந்து குதிச்சேன். குதிச்ச பிறகுதான் கவனிச்சேன், சுத்தி என்னைத் தவிர யாரும் நிக்கலை. மெல்ல உட்கார்ந்தேன். 38-ல புய் வி ஹாவ், 21 வயசுப் பையன், கோல் போட்டதும் பின்னாடி இருந்தவர் என் முதுகில் ரெண்டு தட்டு தட்டினார். பழிக்குப் பழி! 53-ல ஃபாரூக் சௌத்ரி திருப்பிக் கொடுத்தார். 1-1. அப்படியே முடிஞ்சது.

வெளியே வர்றப்போ யாரும் கத்தலை, திட்டலை. அதுதான் எனக்குக் கஷ்டமா இருந்தது. மாமா சூரியகாந்தி விதையைக் கொறிச்சுக்கிட்டே நடந்தார். "உங்க டீமையே ஜெயிக்க முடியலைன்னா..."ன்னு ஆரம்பிச்சு, என்னைப் பார்த்து, பாதியில் நிறுத்திட்டார். நாகரிகமான மனுஷன். நானும் கோவிச்சுக்கலை. நம்ம லட்சணம் நமக்குத் தெரியாதா?

அன்னைக்கு ராத்திரி ரயிலில் ஒரு கேள்வி கேட்டேன். "பிரேசில்ல பிறந்தவர் உங்க நாட்டுக்கு ஆடினா ஒத்துக்குவீங்களா?" தம்பி கொஞ்சம் யோசிச்சான். அவன் வகுப்பிலேயே ரெண்டு கட்சியாம். அகாடமியில் ரத்தம் சிந்திப் பழகின நம்ம பசங்க இடத்தை இன்னொருத்தருக்குக் கொடுக்கணுமாங்கிறது ஒரு கட்சி. சும்மா சொல்லக் கூடாது, அந்த வாதத்திலும் நியாயம் இருக்கு. மலைநாட்டு பிளேய்கு ஊரில் ஹோவாங் ஆன் யா லாய் கிளப் 2007-ல ஆர்சனலோட கைகோத்து ஒரு அகாடமி தொடங்கினது. சின்னப் பசங்களுக்கு வெறுங்காலோடதான் பந்துப் பயிற்சி. அதுல வந்த காங் ஃபுவாங், சுவான் ட்ருவாங் எல்லாரும் 2013-ல ஆஸ்திரேலியாவின் 19 வயசு டீமை 5-1ன்னு புரட்டி எடுத்தப்போ நாடே கொண்டாடினது. அப்படி வளர்த்த பசங்களை வெச்சும் அந்த கிளப் ஒருதடவைகூட லீக் ஜெயிக்கலைங்கிறது வேற கதை.

(இன்னொண்ணும் சொல்லிடறேன். ஆண்கள் டீம் உலகக் கோப்பை வாசலைக்கூட மிதிக்கலை. பெண்கள் 2023-லயே போய் ஆடிட்டு வந்துட்டாங்க! மூணு மேட்ச்சும் தோல்விதான், ஆனா போனாங்க இல்லை? கேப்டன் ஹுயின் நூ பெயர் தம்பிக்கே நான் ஞாபகப்படுத்தின பிறகுதான் வந்தது. அதுக்கு அவனை நல்லா ஓட்டினேன்.)

"நீ எந்தக் கட்சி?"

"அவர் முதல் கோல் அடிக்கட்டும். அப்புறம் சொல்றேன்."

டிசம்பர் 21, ஆசியான் கப்பில் மியான்மரோட மேட்ச். சோன் முதல்முறையா சிவப்புச் சட்டை போட்டார். ரெண்டு கோல். 5-0! சிங்கப்பூரோட அரையிறுதியிலும் அடிச்சார். ஜனவரி 2, தாய்லாந்தோட முதல் ஃபைனல், 2-1. ரெண்டும் சோன்தான். தம்பி கட்சியைப் பத்திப் பேசவே இல்லை. நாம் டின் மாமாவுக்குப் போன் போட்டு அரை மணி நேரம் கத்தினான்.

ஜனவரி 5, பாங்காக்கில் ரெண்டாவது ஃபைனல். எங்க தெருமுனைக் கடையில் பெரிய திரை கட்டியிருந்தாங்க. நல்ல குளிர். எட்டாவது நிமிஷம் துவான் ஹாய் கோல். ஸ்டூல் பறக்குது! அரை மணி நேரம் ஆகியிருக்கும்... சோன் ஓடினார், திரும்பினார், விழுந்தார். எழுந்திருக்கலை. கால் எலும்பு முறிஞ்சு போச்சு. திரையில் காட்டினதைப் பார்த்து பக்கத்தில் இருந்த பாட்டி முகத்தை மூடிக்கிட்டாங்க. நூறு பேர் இருந்த தெருவில் டீ கிளாஸ் வைக்கிற சத்தம்கூடக் கேட்டது. தம்பி அழுதான். வெட்கப்படாம, மூக்கை உறிஞ்சி உறிஞ்சி அழுதான்.

அப்புறம் நடந்ததெல்லாம் சினிமா. தாய்லாந்து ஏற்கெனவே ஒண்ணு அடிச்சிருந்தது. ரெண்டாம் பாதியில் அடிபட்டவருக்காக வியட்நாம் கோலி பந்தை வெளியே தட்டிவிட, அதைத் திருப்பிக் கொடுக்காம தாய்லாந்தின் சுபாசோக் தூரத்திலிருந்து கோலுக்கே அடிச்சுட்டார்! விதிப்படி கோல்தான். ஆனா தெருவே கொந்தளிச்சது. வியட்நாமிய வசவு பத்துப் பன்னிரண்டு அன்னைக்குத்தான் கத்துக்கிட்டேன். ரெண்டு மேட்ச்சும் சேர்த்து 3-3. அப்புறம் தாய்லாந்துக்கு ஒரு ரெட் கார்டு. 82-ல அவங்களே அவங்க வலைக்குள்ள போட்டுக்கிட்டாங்க. அடிபட்டதுக்கும் தகராறுக்கும் சேர்த்து இழுத்துக்கிட்டே போன கூடுதல் நேரத்தில், இருபதாவது நிமிஷம், தாய்லாந்து கோலியே முன்னால வந்துட்டார். ஆளில்லாத வலைக்குள்ள ஹாய் லாங் தூரத்திலிருந்து உருட்டிவிட்டார். பந்து போய்க்கிட்டே இருக்கு... தெருவே எழுந்து நின்னு அதோடயே ஓடுது. 3-2. மொத்தம் 5-3. சாம்பியன்!

"ஏறுங்க அண்ணே!"

ரெண்டாவது புயல்! தம்பி பைக் ஓட்ட, பின்னாடி நான், என் கையில் ஒரு சட்டி மூடியும் கரண்டியும். ஹோவான் கியெம் ஏரியைச் சுத்தி எத்தனை லட்சம் பேரோ. பைக் நகரவே இல்லை. நகரணும்னு யாருக்கும் அவசரமும் இல்லை. "வியட் நாம் வோ டிக்!"னு யாரோ ஆரம்பிக்க, தெரு முழுக்கப் பத்திக்குது. 'வோ டிக்'னா சாம்பியன். மூணாவது சுத்துல என் தொண்டை போயிடுச்சு.

நடுவில் ஒரு இடத்தில் பைக்குகள் விலகி வழி விட்டாங்க. ஒரு அப்பா, முன்னாடி ஏழெட்டு வயசுப் பையன். பையன் கையில் ஒரு அட்டை, அவனே எழுதினது. என்னன்னு கேட்டேன். தம்பி படிச்சுச் சொன்னான்: "சோன் அண்ணே, கால் வலிக்குதா?"

மாசக் கடைசியில் நான் ஊருக்குத் திரும்பிட்டேன். சோன் ஆபரேஷன் முடிஞ்சு, பல மாசம் படுத்து, நடந்து, ஓடி, 2025 நவம்பரில் லாவோஸுக்கு எதிரா மறுபடி நாட்டுக்காக கோல் அடிச்சார். அன்னைக்கு ராத்திரி எனக்கு ஒரு வாய்ஸ் மெசேஜ் வந்தது. பேச்சே இல்லை. அரை நிமிஷத்துக்குச் சட்டி மூடியில் கரண்டி அடிக்கிற சத்தம் மட்டும்.