தார் ரோட்டில் ஓடும் ‘தார்’... எந்த டயர் நல்லது? நாமக்கல் பைபாஸ் சொல்லும் பாடம்!

ஆயுத பூஜைக்கு முந்தைய நாள் காலை. நாமக்கல் ஊருக்குள் நுழைந்தால் எங்கு பார்த்தாலும் தண்ணீர்தான். லாரிப் பட்டறைகளில் ஹோஸ் பைப்பைப் பிடித்துக்கொண்டு வண்டிகளைக் குளிப்பாட்டிக்கொண்டிருக்கிறார்கள். வாழைக்கன்றுகள், மாவிலைத் தோரணங்கள், மூட்டை மூட்டையாகப் பொரி. ஊருக்கு நடுவே ஒற்றைப் பாறையாக நிற்கும் மலையும், அதன் உச்சியில் இருக்கும் கோட்டையும் இதையெல்லாம் வேடிக்கை பார்க்கின்றன.

முட்டைக்கும் ஆஞ்சநேயருக்கும் பெயர்போன ஊர் இது. ஆனால், நெடுஞ்சாலையில் வண்டி ஓட்டுபவர்களைக் கேட்டால் வேறொன்றைச் சொல்வார்கள். லாரிக்கு பாடி கட்டுவது, கேஸ் டேங்கர் ஓட்டுவது, தேய்ந்த டயருக்கு ரீட்ரெட் போடுவது என சக்கரத்தை நம்பியே பிழைக்கும் ஊர். பக்கத்தில் திருச்செங்கோடு போனால் போர்வெல் வண்டிகள். டயரைத் தொட்டுப் பார்த்தே அதன் ஜாதகத்தைச் சொல்லும் ஆட்கள் இங்கே தெருவுக்குத் தெரு உண்டு.

அப்படிப்பட்ட ஒரு கடையின் முன்னால்தான் கறுப்பு நிற மஹிந்திரா தார் ஒன்று வந்து நின்றது. பெங்களூரிலிருந்து சுமார் 250 கிலோமீட்டர் ஓடி வந்த களைப்பு அதன் மீது தூசாகப் படிந்திருந்தது. இறங்கியது ஒரு குடும்பம். ஐ.டி வேலையில் இருக்கும் மகன், மருமகள், 4 வயதுப் பேத்தி. அவர்களை வரவேற்க டி.வி.எஸ் 50-யில் முன்னாடியே வந்து காத்திருந்தார் மகனின் அப்பா. 30 வருடங்களுக்கும் மேல் லாரி ஓட்டி ஓய்வு பெற்றவர்.

வந்த வேலை ஒன்றுதான். நான்கு டயரையும் மாற்ற வேண்டும். நாளை பூஜை. மறுநாள் கொல்லிமலை.

ஓமலூர் தாண்டி ஒரு நொடி

டயர் மாற்றும் யோசனை சும்மா வரவில்லை. போன நவம்பரில் இதே சாலையில் இதே வண்டியில் வந்தபோது நடந்தது அது. தொப்பூர் கணவாயில் நல்ல மழை. எல்லோரும் பயப்படும் அந்த இறக்கத்தை மகன் நிதானமாகவே கடந்துவிட்டார். ஓமலூர் தாண்டி நேர் சாலை வந்ததும் கொஞ்சம் வேகம் பிடித்தார். சாலையோரம் தேங்கியிருந்த தண்ணீரில் சக்கரம் ஏறிய அந்த நொடியில் ஸ்டீயரிங் கையில் லேசாகிப்போனது. திருப்பினால் வண்டி திரும்பவில்லை. பின்பக்கம் மட்டும் பக்கவாட்டில் ஒரு வீச்சு வீசியது.

நல்லவேளை, பக்கத்துத் தடத்தில் வண்டி எதுவும் இல்லை. பிரேக்கை அழுத்தாமல் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்ததால் தப்பித்தார்கள். பின் சீட்டில் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. அதன்பிறகு சேலம் வரும் வரை மருமகள் ஒரு வார்த்தை பேசவில்லை.

“ஃபோர் பை ஃபோர் வண்டி, ரோட்டைப் புடிச்சுக்கும்னு நெனச்சோம் மாமா” என்று மாமனாரிடம் அவர் சொன்னது அன்று இரவுதான்.

“நாலு சக்கரமும் இழுக்கும்மா. ஆனா, ரோட்டைப் புடிக்கிறது டயருதானே?” என்றார் அவர்.

வண்டி எவ்வளவு பெரிதாக இருந்தாலும், ஒவ்வொரு டயரும் தரையைத் தொடும் இடம் ஏறக்குறைய ஓர் உள்ளங்கை அளவுதான். 80 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது ஒரு நொடிக்கு 22 மீட்டர் ஓடுகிறது வண்டி. அந்த வேகத்தில், உள்ளங்கைக்கு அடியில் வரும் தண்ணீரைப் பட்டன்களுக்கு நடுவே இருக்கும் வாய்க்கால் வழியே டயர் வெளியேற்ற வேண்டும். வாய்க்கால் தூர்ந்துபோனால்? டயர் தண்ணீர் மேல் மிதக்கும். அன்று நடந்தது அதுதான்.

பழைய டயர் பேசியது

கடைக்காரர் புதுச் சரக்கைக் காட்டவில்லை. முதலில் குனிந்து பழைய டயரைப் பார்த்தார். பட்டன் மேல் விரலை வைத்துத் தடவினார்.

“தம்பி, காத்து எவ்ளோ புடிக்கிறீங்க?”

“நாப்பது வெக்கிறேங்கண்ணா. மைலேஜ் கெடைக்கும்னு...”

“அதாங்க நடுவுல மட்டும் மொழுமொழுன்னு தேஞ்சிருக்குது. ரெண்டு ஓரமும் தேஞ்சா காத்து கம்மின்னு அர்த்தம். நடுவுல தேஞ்சா காத்து ஜாஸ்தி. ஒரு பக்கம் மட்டும் தேஞ்சா அலைன்மென்ட் போச்சுன்னு அர்த்தம். டிரைவர் கதவைத் தொறந்தா ஸ்டிக்கர்ல போட்டிருக்கும் பாருங்க, அதான் அளவு. அதையும் காலையில வண்டி சூடாகறதுக்கு முன்னாடி பார்க்கணுங்க.”

பிறகு டயரின் பக்கச்சுவரில் இருந்த சின்ன முக்கோண அடையாளத்தைக் காட்டினார். அதற்கு நேராகப் பள்ளத்துக்குள் பார்த்தால், குறுக்கே ஒரு சின்ன ரப்பர் மேடு தெரியும். அதன் உயரம் 1.6 மில்லிமீட்டர். பட்டன் தேய்ந்து அந்த மேட்டுக்குச் சமமாகிவிட்டால், சட்டப்படியே அந்த டயர் சாலைக்கு லாயக்கில்லை. புது டயரில் பள்ளத்தின் ஆழம் பெரும்பாலும் 8 மில்லிமீட்டருக்கு மேல் இருக்கும். ஆனால், 1.6 வரும் வரை காத்திருக்கக் கூடாது. 3 மில்லிமீட்டருக்கு இறங்கினாலே மழையில் பிடிப்பு குறைய ஆரம்பித்துவிடும். ஐப்பசி மழைக்கு முன்பே மாற்றிவிடுவது புத்திசாலித்தனம்.

மகனுக்குப் பிடித்தது ஒன்று

கடையின் முன்வரிசையில் அடுக்கியிருந்த ஒரு டயரின் மீதுதான் மகனுக்குக் கண். பெரிய பெரிய பட்டன்கள், முரட்டுத் தோற்றம், ஓரத்தில் வெள்ளை எழுத்து. வண்டிக்கு மாட்டினால் கம்பீரமாக இருக்கும் என்பதில் சந்தேகமே இல்லை.

இந்த வகை வண்டிகளுக்கு டயர்கள் பொதுவாக மூன்று ரகம். எச்.டி என்பது நெடுஞ்சாலைக்கானது. ஏ.டி என்பது சாலைக்கும் கரடுமுரடான வழிக்கும் பொதுவானது. எம்.டி என்பது சேற்றுக்கானது. மகன் காட்டியது எம்.டி.

கடைக்காரர் விலை சொல்லவில்லை. கேள்வி கேட்டார்.

“வண்டி வாங்கி எத்தன வருஷங்க?”

“நாலு.”

“இந்த நாலு வருஷத்துல ஃபோர் வீல் கியரை எத்தன தடவ போட்டிருப்பீங்க?”

மகன் யோசித்தார். “மூணு தடவ.”

“அதுல ஒண்ணு ரீல்ஸ் எடுக்கறதுக்கு” என்றார் மருமகள். கடையில் இருந்த பஞ்சர் பையன் வரை எல்லோரும் சிரித்துவிட்டார்கள்.

மாதம் இரண்டு முறை பெங்களூர் – நாமக்கல். மீதி நாள் ஆபீஸ். எப்போதாவது கொல்லிமலை, ஏற்காடு. 100 கிலோமீட்டர் ஓடினால் 100-ம் தார் ரோடுதான். கொல்லிமலைக்குப் போகும் 70 கொண்டை ஊசி வளைவுகளும் தார் போட்டவைதான். அங்கே தேவைப்படுவது சேற்றைக் கிழிக்கும் பட்டன் இல்லை. ஈரமான தாரில் வழுக்காத ரப்பர்.

எம்.டி டயரின் பட்டன்களுக்கு இடையே இடைவெளி அதிகம். சேறு உள்ளே ஒட்டாமல் தெறித்துப் போவதற்கான ஏற்பாடு அது. ஆனால், தார் ரோட்டில் அதே இடைவெளியால் தரையைத் தொடும் ரப்பர் குறைகிறது. ஈரச் சாலையில் பிரேக் பிடித்தால் நிற்கும் தூரம் கூடும். எடை அதிகம் என்பதால் மைலேஜும் அடிவாங்கும். 80-ஐத் தாண்டினால் ‘ங்ங்ங்’ என்று ஓர் இரைச்சல் கேட்டுக்கொண்டே வரும்.

“250 கிலோமீட்டரும் அந்தச் சத்தத்தோடதான் பாப்பா தூங்கணுங்க” என்றார் கடைக்காரர். மருமகள் மகனைப் பார்த்தார். எம்.டி அத்தோடு கழிந்தது.

ஏ.டி-யா, எச்.டி-யா?

இந்த இரண்டுக்கும் இடையில்தான் உண்மையான போட்டி. மண் பாதை, கற்கள் கிடக்கும் தோட்டத்து வழி, கிராமத்துக் கப்பி ரோடு என வாரம் ஒருமுறையாவது போகிறவர்களுக்கு ஏ.டி நல்ல தேர்வு. பக்கச்சுவர் கொஞ்சம் தடிமனாக இருக்கும். கல் குத்தினாலும் தாங்கும். இப்போது வரும் ஏ.டி டயர்களில் சத்தம் குறைவான, மழையிலும் நன்றாகப் பிடிக்கும் ரகங்கள் இருக்கின்றன. எல்லா ஏ.டி-யும் ஒன்றல்ல.

ஆனால், மாதம் முழுக்க நெடுஞ்சாலையே கதி என்று இருப்பவர்களுக்கு எச்.டி-தான் லாபம். உருளும்போது தடை குறைவு. அதனால் டீசல் மிச்சம். சத்தம் குறைவு. பட்டன்கள் நெருக்கமாக இருப்பதால் ஈரத் தாரில் பிடிப்பும் நம்பகமானது.

“வயலுக்குள்ள நாம வண்டி ஓட்டறதில்ல. அப்புறம் எதுக்குடா?” என்றார் அப்பா.

நான்கு டயரும் சேர்ந்து அரை லட்சம் ரூபாயைத் தொடும் செலவு. தோற்றத்துக்காக அதைக் கொடுக்க வேண்டுமா என்று மகனும் யோசித்தார். எச்.டி என்று முடிவானது.

எண்களில் இருக்கிறது விஷயம்

வண்டியில் இருந்த அளவு 255/65 ஆர் 18. 255 என்பது மில்லிமீட்டரில் டயரின் அகலம். 65 என்பது அந்த அகலத்தில் 65 சதவிகிதம் பக்கச்சுவரின் உயரம் என்பதைச் சொல்கிறது. ஆர் என்றால் ரேடியல். 18 என்பது ரிம்மின் விட்டம், அங்குலத்தில்.

“265 போட்டா கொஞ்சம் அகலமா இருக்குமேங்கண்ணா?” என்று கடைசியாக ஒரு முயற்சி செய்தார் மகன்.

அகலம் கூடினால் உயரமும் கூடும். 265/65 போட்டால் சக்கரத்தின் விட்டம் 789 மில்லிமீட்டரிலிருந்து 802-க்குப் போகும். ஸ்பீடோமீட்டர் கணக்கு மாறும். வளைவில் உள்பக்கம் உரசுகிறதா என்று பார்க்க வேண்டும். கம்பெனி பரிந்துரைத்த அளவே போதும் என்றார் கடைக்காரர்.

அளவுக்குப் பக்கத்தில் இருக்கும் இன்னொரு எண்ணையும் அவர் காட்டினார். 111 என்று இருந்தால், அந்த ஒரு டயர் 1,090 கிலோ வரை தாங்கும். அதை ஒட்டி இருக்கும் ஆங்கில எழுத்து வேகத்துக்கானது. ‘எஸ்’ என்றால் 180 கிலோமீட்டர், ‘எச்’ என்றால் 210. பழைய டயரில் இருந்த எண்ணுக்கும் எழுத்துக்கும் குறைவாக வாங்கவே கூடாது.

அடுத்து அப்பாவின் முறை. மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒவ்வொரு டயராகத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவர் தேடியது நான்கு இலக்க எண். முதல் இரண்டு இலக்கம் வாரம், அடுத்த இரண்டு வருடம். 2324 என்று இருந்தால் 2024-ம் ஆண்டின் 23-வது வாரத்தில் தயாரானது. ரப்பருக்கு வயது உண்டு. ஓடாமல் கிடந்தாலும் அது முதிர்ந்துகொண்டேதான் இருக்கும். அவர் ஒரு டயரை மட்டும் ஒதுக்கி, “இத மாத்திக் குடுங்க” என்றார். மற்ற மூன்றையும்விட அது ஒரு வருடம் பழையது. கடைக்காரர் மறுபேச்சில்லாமல் மாற்றிக் கொடுத்தார்.

“ரெண்டு மட்டும் மாத்தலாமா?”

இந்தக் கேள்வியை மருமகள் கேட்டார். நியாயமான கேள்விதான். செலவு பாதியாகுமே?

சாதாரண காரில் இரண்டு மாற்றினால், புது டயர்களைப் பின்பக்கம் போடச் சொல்வார்கள். பின்பக்கம் வழுக்கினால் வண்டியைக் கட்டுப்படுத்துவது கஷ்டம் என்பதே காரணம். ஃபோர் வீல் வண்டியில் இன்னொரு சிக்கல் இருக்கிறது. முன் சக்கரமும் பின் சக்கரமும் கியர் வழியாகப் பிணைந்து சுழலும்போது, புது டயரும் தேய்ந்த டயரும் வெவ்வேறு சுற்றளவில் இருந்தால் சுமை முழுக்க உள்ளிருக்கும் இயந்திர பாகங்கள் மீது விழும். அதனால் நான்கையும் ஒரே ரகத்தில், ஒன்றாக மாற்றுவது உத்தமம். காய்ந்த தார் ரோட்டில் ஃபோர் வீல் கியரைப் போடக் கூடாது என்பதும் இதனால்தான்.

ஸ்டெப்னி? பின்கதவில் தொங்கிக்கொண்டு நான்கு வருடமாக வெயிலில் காய்ந்த அதைக் கடைக்காரர் சுற்றிப் பார்த்தார். வெடிப்பு இல்லை. இருக்கட்டும் என்றார். ஆனால், அது அவசரத்துக்கு மட்டும். மாட்டினால் வேகம் குறைத்து, அடுத்த பஞ்சர் கடை வரை. ஐந்து வருடம் தாண்டினால் ஆண்டுக்கு ஒருமுறை பரிசோதனை. பத்து வருடம் தாண்டினால், பட்டன் அப்படியே இருந்தாலும் வேண்டாம்.

எலுமிச்சம்பழமும் ஓர் எச்சரிக்கையும்

பேலன்சிங், அலைன்மென்ட் முடிய இரண்டு மணி நேரம் ஆனது. கிளம்பும்போது கடைக்காரர் இரண்டு விஷயம் சொன்னார். புது டயரின் மேல்தோல் வழவழப்பாக இருக்கும். முதல் சில நூறு கிலோமீட்டர் நிதானமாகப் போக வேண்டும். பிறகு, 8,000 முதல் 10,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை டயர்களை இடம் மாற்றிப் போட வேண்டும்.

மறுநாள் காலை ஆஞ்சநேயர் கோயில். மேற்கூரை இல்லாமல், வெயிலிலும் மழையிலும் நிற்கும் 18 அடி ஆஞ்சநேயர். வெளியே வண்டிக்குச் சந்தனம், குங்குமம் வைத்து, நான்கு சக்கரத்துக்கும் அடியில் எலுமிச்சம்பழம் வைத்தார்கள். மகன் மெதுவாக வண்டியை நகர்த்தினார். நான்கும் நசுங்கின. பேத்தி கைதட்டினாள்.

அதற்கடுத்த நாள் கொல்லிமலையில் சாரல். காரவள்ளி அடிவாரத்தைக் கடந்ததும் பேத்தி வளைவுகளை எண்ண ஆரம்பித்தாள். இருபதுக்கு மேல் அவளுக்கு எண்ணத் தெரியாது. அதனால் திரும்பத் திரும்ப ஒன்றிலிருந்து தொடங்கினாள். ஈரச் சாலையில் வண்டி சத்தமில்லாமல் ஏறியது.

முன் சீட்டில் இருந்த தாத்தா ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். பாதி மலை ஏறியதும், “இப்ப சரியாப் புடிக்குதுடா” என்றார். பின் சீட்டில் மருமகள், கைப்பிடியை இறுகப் பற்றியிருந்த கையை அப்போதுதான் எடுத்தார்.