சமையல் தண்ணீரும் எலும்பும்

அன்புள்ள வசந்தி,

சின்னவனுக்கு முளைத்த புதுப் பல்லில் பழுப்புக் கோடு, அத்தைக்குக் கழுத்தைத் திருப்ப முடியவில்லை, கால்சியம் மாத்திரை வாங்கிக் கொடுத்திருக்கிறோம் என்று எழுதியிருக்கிறாய். இரண்டையும் ஒரே கடிதத்தில் படித்ததும் எனக்கு உங்கள் போர்த் தண்ணீர் மேல்தான் சந்தேகம் விழுந்தது. ஒகேனக்கல் தண்ணீரை ஊர்க் குழாயில் பிடித்துவந்து குடிக்கிறீர்கள், சரி. சோறும் பருப்பும் குழம்பும் போர்த் தண்ணீரில்தானே வேகின்றன?

உங்கள் தருமபுரிப் பக்கத்துப் பாறையில் ஃபுளோரைடு அதிகம். குடிநீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராம், வேறு வழியில்லாத இடத்தில் 1.5 வரை என்பதுதான் இந்தியத் தரம். அதற்கு மேல் வருடக்கணக்கில் உள்ளே போனால் உருவாகும் பல்லில் கறை விழும், எலும்பில் படியும். எலும்பு கெட்டியாகும், ஆனால் வலு குறையும். தசைநார்களிலும் சுண்ணாம்பு ஏறி முதுகும் கழுத்தும் விறைக்கும். கொதிக்கவைத்தால் போய்விடும் என்று நினைக்காதே. தண்ணீர் வற்ற வற்ற ஃபுளோரைடின் அடர்த்தி கூடத்தான் செய்யும்.

கால்சியம் ஒன்றைப் பார்த்தால் போதாது என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வதற்குக் காரணம் உண்டு. 1970களின் தொடக்கத்தில் ஆந்திரத்தில் ஃபுளோரைடு மிகுந்த ஊர்களில் இளவயதுப் பிள்ளைகளுக்கு முழங்கால் உள்நோக்கி வளைந்தது. ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தார் போய் ஆராய்ந்தார்கள். நாகார்ஜுனசாகர் அணை வந்தபின் நிலத்தடி நீர் மேலேறி, மண்ணில் காரம் கூடி, அங்கே விளைந்த சோளத்தில் மாலிப்டினம் என்ற தாது அதிகமாகியிருந்தது. அது உடம்பிலுள்ள செம்பை வெளியேற்றியது. எலும்புக்குள் இருக்கும் புரத இழைகளை ஒன்றோடொன்று பிணைக்கச் செம்பு வேண்டும். துளியூண்டு தாதுதான், அது குறைந்ததும் பிள்ளைகளால் நேராக நிற்க முடியவில்லை. எத்தனை தடவை படித்தாலும் எனக்கு மனசு ஆறுவதில்லை.

உங்கள் ஊரில் ராகிக் களி இருப்பது பெரிய பாக்கியம். நூறு கிராம் ராகியில் ஏறக்குறைய 350 மில்லிகிராம் கால்சியம். அரிசியில் பத்துக்குப் பக்கம்தான். அந்தக் கால்சியம் குடலிலேயே ஃபுளோரைடைப் பிடித்துக்கொண்டு, உடம்பில் சேரும் அளவைக் குறைக்கும். சின்னவன் சோறுதான் கேட்கிறான் என்று களியை நிறுத்திவிடாதே. முளைகட்டி அரைத்தால் இன்னும் நல்லது. முருங்கைக்கீரை, மோர், தினம் ஒரு நெல்லிக்காய் கொடு. செம்புக்கும் துத்தநாகத்துக்கும் எள்ளுருண்டை, கொண்டைக்கடலை. அத்தைக்குக் கடுங்காப்பி பரவாயில்லை, கட்டன் தேநீரைக் குறைக்கச் சொல். தேயிலையிலும் ஃபுளோரைடு இருக்கிறது.

சின்னவன் பல்லில் விழுந்த கறை இனி மறையாது. எட்டு வயதுவரை மற்ற பற்கள் உள்ளே உருவாகிக்கொண்டிருக்கும், அவற்றையாவது காப்பாற்றலாம். அத்தைக்கு வயசாகிவிட்டது, அப்படித்தான் இருக்கும் என்று விட்டுவிடாதே. எக்ஸ்ரே எடுக்கக் கூட்டிப்போ, எத்தனை வருஷமாகப் போர்த் தண்ணீர் என்பதையும் டாக்டரிடம் சொல்.

இந்த வாரமே தண்ணீரைக் குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகத்தில் கொடுத்துப் பார்த்துவிடு. சுத்தமான பிளாஸ்டிக் பாட்டிலில் எடு, கண்ணாடி வேண்டாம். முடிவு வரும்வரை சமையலுக்கும் குழாய்த் தண்ணீர்தான். கூடுதலாக நாலு குடம் சுமக்க வேண்டியிருக்கும், தெரியும். மாப்பிள்ளையைச் சைக்கிளில் கட்டிவரச் சொல். நான் சொன்னதாகவே சொல்.

உன் அக்கா