அடுப்பங்கரை விசிப்பலகைக்கு ஒரு மெத்தை

திருமறையின் 88ஆம் அத்தியாயமாகிய ‘அல்காஷியா’, சுவனத்தை வருணிக்குங்கால் உயர்ந்த ஆசனங்களையும் கிண்ணங்களையும் கூறிவிட்டு, வரிசையாக இடப்பட்ட திண்டுகளையும் விரிக்கப்பட்ட கம்பளங்களையும் கூறுகிறது. அங்கு வரும் அரபுச் சொல் ‘நமாரிக்’. அதன் ஒருமை ‘நும்ருகா’. சாய்வதற்கும் அமர்வதற்கும் உரிய சிறு மெத்தை என்பது பொருள். மறுமையின் பேறுகளுள் ஒன்றாக எண்ணப்பெறும் இப்பொருள், இம்மையில் ஆண்டிமடத்து வீடொன்றின் அடுப்பங்கரையில், ஆறடி விசிப்பலகை ஒன்றின் மீது எவ்வாறு அமைய வேண்டும் என்பதே நாம் இங்கு எடுத்துக்கொண்ட செய்தி. மிகச் சிறிய செய்தி என்று வாசக அன்பர்கள் புன்முறுவல் பூக்கலாம். தூய்மையைப் பற்றிய பாடத்தைத்தானே நம் சட்ட நூல்கள் யாவும் முதற்பாடமாக வைத்திருக்கின்றன!

நம் முன்னோர் இதற்கெல்லாம் மயங்கியதில்லை. தரையில் பாய், அதன்மேல் சுப்ரா, நடுவே சஹன். சுற்றி அமர்ந்து உண்டார்கள். பாய் அழுக்கானால் கிணற்றடியில் கழுவிச் சுவரில் சாய்த்தால் ஒரு பொழுதில் உலர்ந்துவிடும். கோரையை நெய்து உலகறியச் செய்த பத்தமடைப் பாய்க்காரர்களும் பெரும்பாலும் நம் சமுதாயத்தவரே. (பாயை நெய்தவரையும் விற்றவரையும் ‘பாய்’ என்றே நாடு அழைப்பது ஒரு வேடிக்கையான பொருத்தம்.) ஆனால் முழங்கால்கள் முதுமையடைகின்றன. எண்பதைக் கடந்த எங்கள் தாயாரால் தரையில் அமர்ந்து எழ இயலாமற் போனபோது, சுவரோரமாக விசிப்பலகை வந்தது. வெறும் பலகையோ மெலிந்த உடலை உறுத்தியது. மெத்தை வேண்டும் என்று வீட்டில் எல்லாரும் ஒப்பினர். ஒப்பாதவர் தாயார் ஒருவரே.

காரணத்தை அவர்கள் வாய்விட்டுக் கூறவில்லை. முதுமையில் சிறுநீரை அடக்கும் ஆற்றல் தளர்வது பலருக்கும் நேர்வதுதான். “நீங்க சாப்பிடுங்க, நான் அப்புறமாச் சாப்பிட்டுக்கிறேன்” என்று சொல்லிக் கொல்லைத் தாழ்வாரத்துப் பிளாஸ்டிக் நாற்காலிக்குத் தட்டோடு செல்லத் தொடங்கியிருந்தார்கள். கழுவ இயலாத மெத்தை ஒன்று வந்திருந்தால் அந்தத் தனிமை நிலைத்தே போயிருக்கும். ஆதலால், இது அழகுப் பொருள் வாங்கும் வேலையன்று என்பது நமக்கும் நம் மருமகளுக்கும் தெளிவாயிற்று.

சட்டம் என்ன சொல்கிறது? அசுத்தம் பட்ட துணியை மும்முறை கழுவி, ஒவ்வொரு முறையும் பிழிய வேண்டும் என்பது ஹனபி மத்ஹபில் நாம் ஓதிய பாடம். பிழிய முடியாத பொருளாயின், ஒவ்வொரு முறை கழுவிய பின்னும் நீர் சொட்டுவது நிற்கும்வரை விட்டுவைத்து, பிறகே அடுத்த முறை கழுவ வேண்டும். ஐப்பசி மழையில் ஒரு பஞ்சு மெத்தையை இவ்வாறு மும்முறை சொட்ட விட்டு எடுப்பதை எண்ணிப் பாருங்கள்! பால் மட்டுமே அருந்தும் ஆண் குழந்தையின் சிறுநீருக்கு நீர் தெளித்தலே போதும் என ஷாஃபி மத்ஹபில் சலுகை உண்டு. முதியோருக்கு அத்தகைய சலுகை எந்த மத்ஹபிலும் இல்லை. கண்ணாடியையும் வாளையும் போல ஈரத்தை உள்ளிழுக்காத வழுவழுப்பான பொருளோ, நன்கு துடைத்தாலே தூய்மையாகிவிடும் என்றும் அதே ஹனபி நூல்கள் கூறுகின்றன. இந்த இடத்தில்தான் நமக்கு வழி பிறந்தது.

முதலில் உள்ளீடு. இலவம்பஞ்சு குளிர்ச்சியானது, மென்மையானது. ஆயினும் ஒரு முறை நனைந்தால் கட்டிகட்டியாகத் திரண்டுவிடும். இலவு காத்த கிளியின் கதிதான் அதைத் துவைப்பவர்க்கும். நாயகம் (ஸல்) அவர்களின் படுக்கை, ஈச்ச மர நார் திணித்த தோலாக இருந்தது என்பது ஹதீஸ். நம் தேங்காய் நார் அதற்கு உறவுதான். அந்த நினைவால் நார் மெத்தையின் பக்கம் மனம் சாய்ந்தது உண்மை. ஆனால் அதனையும் அடிக்கடி நனைத்தல் ஆகாது. ஃபோம் நீரைக் குடித்துவிட்டு எளிதில் விடாது. வெயிலில் தொடர்ந்து காய்ந்தால் மஞ்சளித்துப் பொடியும். ஆகவே, எந்த உள்ளீட்டையும் நனையவிடாமல் காப்பதே அறிவு. இரண்டு அங்குலக் கெட்டி ஃபோமை எடுத்து ரெக்ஸினில் பொதிந்து, தையல் அடிப்பக்கம் அமையுமாறு மூடச் செய்தோம். மிக மென்மையாயின் முதியவர் அதில் புதைந்து எழத் தவிப்பர், ஆதலின் கெட்டி. ரெக்ஸினைக் கண்ணாடியோடு ஒப்பிடுவது நம் சொந்தக் கருத்தே. அதனால் துடைத்ததோடு நில்லாமல் நீரும் ஊற்றுகிறோம்.

ரெக்ஸின் மேல் நேரே அமர்ந்தால் வியர்க்கும். பருத்தி உறை தேவை. ஜெயங்கொண்டத்துக் கடைக்காரர், “கரும்பழுப்பு எடுங்கள், அழுக்கே தெரியாது” என்றார். நமக்கு வேண்டியது அதற்கு நேர்மாறு. அசுத்தம் தெரிந்தால்தானே கழுவ முடியும்! இளஞ்சாம்பல் நிறத்தில் கோடு போட்ட தடித்த துணியை எடுத்தோம். மஞ்சள் கறை சோப்புப் பட்டால் சிவக்கும். கண்டு அஞ்ச வேண்டா, இரண்டு நாள் வெயிலில் தானே வெளுத்துவிடும். முந்திரிப்பழக் கறைதான் அசையாது. பங்குனி, சித்திரையில் இந்த வட்டாரத்துப் பிள்ளைகளின் சட்டையைப் பார்த்தவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை. அந்தப் பருவத்துக்கென்று பழைய உறைகளை ஒதுக்கிவைத்தோம். பருத்தி சுருங்கும், எனவே வெட்டும் முன் துணியை ஓர் இரவு நீரில் ஊறவைத்து உலர்த்தியே தையற்காரப் பெண்மணியிடம் கொடுத்தோம்.

பேரன் பூனைப் படம் போட்ட துணியே வேண்டும் என்று அடம்பிடித்தான். அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் உருவங்கள் வரைந்த நும்ருகா ஒன்றை வாங்கியபோது, நாயகம் (ஸல்) அவர்கள் வாயிலிலேயே நின்று உள்ளே வராதிருந்த செய்தி புகாரியில் உண்டு. உருவத் திரையைக் கிழித்து இரு மெத்தைகளாக்கிய பின் அவை வீட்டில் பயன்பட்டதாகவும் அறிவிப்பு உண்டு. இவ்விரண்டையும் இணைத்து அறிஞர்கள் நீண்ட ஆய்வுகள் செய்துள்ளனர். மிதிபடும் பொருளிலும் அமரும் பொருளிலும் சலுகை காட்டியோர் பலர். ஐயத்துக்கு இடமான பூனையைவிடக் கோடு நல்லது என்று விட்டுவிட்டோம். பேரனுக்கு இன்னும் மனத்தாங்கல்தான்.

ஒரே நீள மெத்தையாக அன்றி, பதினெட்டு அங்குல அகலத்தில் நான்கு தனி மெத்தைகளாகச் செய்தமைக்கு, துவைக்க எளிது என்பதைவிட வேறு காரணம் உண்டு. தாயாருக்கு மட்டும் ரெக்ஸின் போதுமே என்றார் உறவினர் ஒருவர். மருமகள் இசையவில்லை. நான்குக்கும் ஒரே ரெக்ஸின், ஒரே உறை, நழுவாதிருக்க ஒரே விதமான நாடா. எது எவருடையது என்று எவருக்கும் தெரியாது. உறைகள் நான்கும் ஒருசேரக் கழற்றப்பட்டு ஒருசேரத் துவைக்கப்படுகின்றன. இவ்வொழுங்கை எவரும் விளக்கிச் சொல்லவில்லை. ஒரு வாரம் பார்த்திருந்து, தாயார் தாமே வந்து அடுப்பை ஒட்டிய ஓரத்தில் அமர்ந்தார்கள். குழம்பில் புளி போதாது என்றும் சொன்னார்கள்.

இப்போது உறைகள் மூன்று தொகுதி இருக்கின்றன. அடைமழையில் உலரத் தாமதமாகும் என்பதால் நான்காவதற்கும் துணி நனைத்துக் கொடியில் போட்டிருக்கிறோம்.