வைட்டமின் குறைந்ததால் வீக்கமா, வீக்கத்தால் வைட்டமின் குறைந்ததா?

பதிவு கொஞ்சம் நீளம். ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஷிப்ட் வேலைக்குப் போகிறவர்கள் பொறுமையாகப் படியுங்கள்.

இப்போது நம் வாலாஜாபாத்தில் யாரைப் பார்த்தாலும் கையில் ஒரு ‘ஃபுல் பாடி செக்கப்’ ரிப்போர்ட். வைட்டமின் டி குறைவு என்று அதில் இருக்கும். உடம்பில் எந்த வலி வந்தாலும் அதன் தலையில் பழியைப் போட்டுவிடுகிறோம்.

ரிப்போர்ட்டில் சி.ஆர்.பி. என்று இன்னொரு வரி இருக்கும். அதையும் பாருங்கள். உடம்பில் எங்காவது அழற்சி இருந்தால், அதாவது கிருமித் தொற்று, காயம், மூட்டு வீக்கம் போன்றவை இருந்தால், கல்லீரல் இந்தப் புரதத்தை அதிகமாகச் சுரக்கும். 1930-இல் நியுமோனியா நோயாளிகளின் ரத்தத்தில் கண்டுபிடித்தார்கள். இது கூடும்போது ரத்தத்தில் சில வைட்டமின்களின் அளவு தானாகவே இறங்கும். இது பலருக்குத் தெரியாது.

ஸ்காட்லாந்தில் முழங்கால் மூட்டு மாற்று அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களைச் சோதித்து 2011-இல் வெளியிட்டார்கள். அறுவைக்குப் பின் சி.ஆர்.பி. ஏறியது. ஓரிரு நாளிலேயே வைட்டமின் டி அளவு நன்றாக இறங்கியது. இரண்டு நாளில் யாரும் சத்துக்குறைவு ஆகிவிட மாட்டார்கள் அல்லவா? வைட்டமின் ஏ கதையும் இதுதான். அதனால்தான் 2016–18-இல் நம் நாட்டில் நடந்த தேசிய ஊட்டச்சத்து ஆய்வில், வைட்டமின் ஏ குறைபாட்டைக் கணக்கிடும்போது சி.ஆர்.பி. 5-க்கு மேல் இருந்த குழந்தைகளைச் சேர்க்கவில்லை.

என் பழைய மாணவி ஒருத்தி ரிப்போர்ட்டை வாட்ஸ்அப்பில் அனுப்பினாள். வைட்டமின் டி 13, சி.ஆர்.பி. 24. "மாத்திரை போட்டா சரியாயிடும்னு சொல்றாங்க சார்" என்றாள். மூன்று மாதமாகக் காலையில் ஒரு மணி நேரம் விரலை மடக்க முடியவில்லை, இரண்டு கை மூட்டும் வீங்குகிறது என்றாள். "நான் டாக்டர் இல்லம்மா, ஆனா இது மாத்திரையோட முடியற விஷயமா தெரியல. மூட்டுவாத டாக்டரைப் பாரு" என்றேன். முடக்குவாதத்தின் ஆரம்பம் என்று கண்டுபிடித்து மருந்து தொடங்கிவிட்டார்கள். இந்த நோயில் சிகிச்சை தள்ளிப்போனால் மூட்டு அரித்து விரல் கோணிவிடும். கையை நம்பித்தான் அவள் வேலையே.

அதற்காக வைட்டமின் வேண்டாம் என்று சொல்லவில்லை. உண்மையான குறைபாடு உயிரையே பறிக்கும். திருச்சி மாவட்டத்தில் சுமார் 15,000 சிறு குழந்தைகளிடம் நடத்திய ஆய்வு 1990-இல் வெளியானது. வாரா வாரம் சிறிதளவு வைட்டமின் ஏ கொடுத்த குழந்தைகளிடையே இறப்பு பாதிக்கும் கீழே குறைந்திருந்தது. வைட்டமின் டி-க்கும் ஒரு நல்ல செய்தி உண்டு. அமெரிக்காவில் 25,871 பேரிடம் ஐந்தாண்டு நடந்த ஆய்வில், தினம் 2,000 யூனிட் எடுத்தவர்களுக்கு முடக்குவாதம் போன்ற, உடம்பு தன்னையே தாக்கும் நோய்கள் 22 சதவீதம் குறைவாக வந்தன. ஆனால் மாரடைப்போ புற்றுநோய் வருவதோ குறையவில்லை. வராமல் தடுக்க ஓரளவு உதவுவது வேறு, வந்த நோயைக் குணமாக்குவது வேறு.

நீங்கள் கவனிக்க வேண்டியவை:

1. விடியும் முன் கம்பெனி பஸ் ஏறி, இருட்டியபின் இறங்கினால் வெயில் எங்கே படும்? பஸ் ஜன்னல் கண்ணாடி வழியே வரும் வெயில் கணக்கில் வராது, வைட்டமின் டி-க்கு வேண்டிய கதிரைக் கண்ணாடி தடுத்துவிடும். காலை ஆறு மணி இளவெயிலிலும் அது மிகக் குறைவு. வார லீவில் பத்து மணிக்கு மேல் கொஞ்ச நேரம் கை கால்களில் வெயில் படட்டும்.

2. 60,000 யூனிட் மாத்திரை பொதுவாக வாரம் ஒன்று, அதுவும் டாக்டர் சொல்லும் காலம் வரைதான். தினமும் போட்டால் ரத்தத்தில் கால்சியம் ஏறி சிறுநீரகம் கெடும்.

3. காய்ச்சல், காயம், அறுவை சிகிச்சை சமயத்தில் எடுத்த வைட்டமின் அளவை வைத்து முடிவு கட்டாதீர்கள். குணமானபின் மறுபடி பாருங்கள்.

4. சி.ஆர்.பி. அதிகமாக இருந்தால் "எதனால்?" என்று டாக்டரிடம் கேளுங்கள். காலையில் அரை மணிக்கு மேல் மூட்டு இறுக்கம் பல வாரம் நீடித்தால் தள்ளிப்போடாதீர்கள்.

வகுப்பில் கேள்வி கேட்கத் தயங்கியவர்கள் டாக்டரிடமாவது தயங்காமல் கேளுங்கள். வீட்டில் அம்மா, அக்கா யாராவது விரலைப் பிடித்துவிட்டபடி உட்கார்ந்திருந்தால் இந்தப் பதிவை அவர்களுக்கும் படித்துக் காட்டுங்கள். எல்லாரும் நலமாக இருங்கள்.